அந்தியூர் குதிரைச் சந்தை: பல்லைப் பார்த்து, நடையைப் பார்த்து, துண்டு போட்டு ஒரு பேரம்!

ஆடி மாதம் வந்துவிட்டால் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் மணியைப் பார்க்கத் தேவையில்லை. கனைப்புச் சத்தத்திலேயே பொழுது விடிந்துவிடும். புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தைக்கு மாடு, ஆடு, சேவல் என எல்லாம் வரும். பர்கூர் மலையின் செம்மறைக் காளைகளைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். ஆனால், பஸ்ஸைவிட்டு இறங்கும் குழந்தைகள் கேட்கிற முதல் கேள்வி, "குதிரை எங்கே?" என்பதுதான்.

திப்பு சுல்தான் காலத்தில் படைக்குக் குதிரை வாங்கிய சந்தை இது என்று ஊரில் சொல்கிறார்கள். இன்று படை இல்லை. ரேக்ளா பந்தயக்காரர்கள், பண்ணை வீட்டுக்காரர்கள், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரி விடுபவர்கள், கல்யாண ஊர்வலத்துக்கு சாரட்டு ஓட்டுபவர்கள்... வாங்க வருகிறவர்கள் இவர்கள்தான். மேளத்துக்கு ஏற்றபடி காலை மாற்றி மாற்றி வைத்து ஆடும் நாட்டியக் குதிரையைச் சுற்றிப் பத்து வட்டத்துக்குக் கூட்டம். எல்லார் கையிலும் செல்போன். குதிரை வாங்கப்போகிறவர்கள் மட்டும் அந்த வட்டத்தில் நிற்பதில்லை. அவர்கள் பின்னால், லாரிகள் நிற்கிற பக்கம், குதிரையின் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்கள்.

பவானிப் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்த நாற்பது வயதுக்காரரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். சொந்தமாக ஒரு சாரட்டு வண்டி. ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவதுதான் பிழைப்பு. அவருடைய குதிரை ஆனி மாதம் வயிற்றுவலி வந்து ஒரே ராத்திரியில் இறந்துபோனது. ஆவணி முகூர்த்தங்களுக்கு ஐந்து வீட்டில் அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்தது, சீட்டு எடுத்தது என்று சேர்த்து 2 லட்சம் ரூபாய் இடுப்புப் பையில். கூடவே ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள். அப்புறம், அந்த வட்டாரத்தில் நாற்பது வருடமாக லாடம் அடிக்கும் ஒரு பெரியவர். அவர் கூலி கேட்டு வரவில்லை. "செத்துப்போன குதிரைக்குக் கடைசி லாடம் அடிச்சது நான்தானுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்துவிட்டார்.

அழகு முதலில் கண்ணை மறைக்கும்

சாரட்டுக்காரரின் கண்ணில் முதலில் பட்டது ஒரு வெள்ளைக் குதிரை. உயரம் 62 அங்குலம். குதிரையின் உயரத்தைத் தலைவரை அளப்பதில்லை. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேடுவரைதான் அளப்பார்கள். உள்பக்கம் வளைந்து நுனிகள் ஒன்றையொன்று தொடும் காதுகள். மார்வாரி, கத்தியவாரி இனங்களின் அடையாளமே இந்தக் காதுதான். கழுத்தில் சலங்கை, நான்கு காலிலும் சிவப்புத் துணிக் கட்டு. ஐந்து வயது, 3 லட்சத்து 25 ஆயிரம் என்றார் வியாபாரி.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வெள்ளைதானுங்க கேப்பாங்க" என்று சாரட்டுக்காரர் முணுமுணுத்தார். அது உண்மைதான். வெள்ளைக்கு இருக்கிற கிராக்கியால்தான் அதே உயரம், அதே இனம், அதே வயதுள்ள பழுப்புக் குதிரையைவிட அதற்கு விலை கூடுதல். வெள்ளையிலும் இரண்டு வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நொக்ரா என்று வியாபாரிகள் சொல்லும் குதிரைக்கு முடிக்குக் கீழே தோலும் இளஞ்சிவப்பாக இருக்கும். மற்றவை பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வயது ஏற ஏற வெளுப்பவை. அவற்றின் தோல் கறுப்பு. இளஞ்சிவப்புத் தோலுக்கு வெயில் ஆகாது. மூக்கு நுனி கருகிப் புண்ணாகும். கறுப்புத் தோல்காரர்களுக்கு வெயில் பிரச்னை இல்லை. ஆனால், வயதான பிறகு வாலுக்கு அடியில் கட்டிகள் வரும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் வாலைத் தூக்கிப் பார்க்கிறார்கள். சந்தைக்கு வரும் கல்லூரிப் பையன்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பெரியவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. குதிரையின் மேல் உதட்டைத் தூக்கிப் பிடித்தார். "அம்மிணி, இங்க வந்து பாரு" என்று சிறுமியைக் கூப்பிட்டார்.

குதிரைக்கு வயது பல்லில் இருக்கிறது. இரண்டரை வயதில் முன்பக்கம் நடுவில் இருக்கும் பால் பற்கள் விழுந்து நிரந்தரப் பல் முளைக்கும். மூன்றரையில் அதற்கு அடுத்த ஜோடி, நாலரையில் ஓரத்து ஜோடி. ஐந்தில் வாய் நிறைந்துவிடும். அதன்பிறகு பல்லின் மேற்பரப்பில் இருக்கும் கறுப்புக் குழியைப் பார்க்க வேண்டும். கீழ்ப்பல்லில் நடு ஜோடியின் குழி ஆறு வயதில் தேய்ந்து மறையும். அடுத்தது ஏழில், ஓரத்துப் பல் எட்டில். பத்து வயதில் மேல்வரிசை ஓரப் பல்லில், ஈறுக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புக் கோடு தலைகாட்டும். பதினைந்தில் பாதிப் பல்வரை இறங்கும், இருபதில் அடிவரை. வயது ஏற ஏற மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நேராகச் சந்திக்காமல் முன்னால் நீட்டிக்கொண்டு வரும். தீனியும் கடிக்கிற பழக்கமும் கொஞ்சம் முன்பின் ஆக்கும் என்பதால் ஒரு வருடம் இரண்டு வருடம் தவறலாம். ஐந்தைப் பத்து என்று தவற முடியாது.

ஏமாற்றுக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். தேய்ந்த பல்லில் புதிதாகக் குழி குடைந்து கறுப்புச் சாயம் ஏற்றுவது உலகம் முழுக்க நடந்த பழைய வித்தை. நிஜக் குழியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும். குடைந்த குழிக்கு அது இருக்காது. கண்ணுக்கு மேலே இருக்கும் பள்ளமும் ஒரு சாட்சி. வயதான குதிரைக்கு அது ஆழமாக விழுந்திருக்கும்.

வெள்ளைக் குதிரையின் வாயில் பொய் இல்லை. ஐந்து வயதுதான்.

"அந்தக் கால் துணியைக் கொஞ்சம் அவுக்குறீங்களா?" என்றார் பெரியவர்.

"அலங்காரத்துக்குக் கட்டுனதுங்க பெரியவரே."

"அழகா இருக்குதுங்க. அவுத்துட்டு மறுபடி கட்டிக்கலாம்."

நான்கு காலையும் முட்டிக்குக் கீழிருந்து குளம்புவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். முன்னங்கால் இடது பக்கம் கை நின்றது. மறுபடி வலது, மறுபடி இடது. சிறுமியின் கையைப் பிடித்து அங்கே வைத்தார். "இந்தப் பக்கம் சூடா இருக்கு தாத்தா" என்றாள். எல்லாக் குதிரைக்கும் கால் ஒரே சூடாக இருக்காது. ஆனால், ஒரே குதிரையின் இரண்டு கால்களும் ஒரே சூடாக இருக்க வேண்டும்.

அடுத்து நடை. வியாபாரியின் ஆள் குதிரையை ஓட்டிக்காட்டினான். பிரமாதமாக ஓடியது. ஓடிய இடம் மழையில் ஊறிய உழவு நிலம். "ரோட்டுக்குக் கொண்டு வாங்க" என்றார் பெரியவர். மெத்தென்ற மண் நொண்டலை விழுங்கிவிடும். கெட்டித் தரைதான் காட்டிக்கொடுக்கும். தார் ரோட்டில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, மெல்லோட்டமாக நேராக இருபது அடி போய் வரச் சொன்னார். பார்க்க வேண்டியது காலை அல்ல, தலையை. முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையைத் தொடும்போது குதிரை தலையை மேலே தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தலை கீழே இறங்கும். வெள்ளைக் குதிரை ஒவ்வொரு இரண்டாவது அடிக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தது. சலங்கை சத்தத்தில் அது தாளம் போடுவது போலத்தான் இருந்தது.

"லாரியில நின்னுட்டே வந்த களைப்புங்க. ரெண்டு நாள்ல சரியாயிரும். வேணும்னா விலையில பாத்துக்கலாம்" என்றார் வியாபாரி. 3.25 லட்சம் ஐந்து நிமிடத்தில் 2.10-க்கு இறங்கியது.

"இருக்கலாமுங்க. அந்தக் களைப்பு தீந்தப்புறம் வந்து வாங்கிக்கிறோம்" என்றார் பெரியவர். வியாபாரி பொய் சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. நிஜமாகவே லாரிக் களைப்பாகவும் இருக்கலாம். ஆனால், இருக்கலாம் என்பதற்காக அடகு வைத்த சங்கிலியைக் கொடுக்க முடியாதே!

சாரட்டுக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. 2.10-க்கு அந்த உயரத்தில் வெள்ளை கிடைப்பது அபூர்வம் என்று டீக்கடையில் இரண்டு முறை சொன்னார். பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

நரி, பரியான ஊர்

குதிரையில் ஏமாறுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திருவிளையாடல் கதையில் பாண்டிய மன்னன் குதிரை வாங்கிவரச் சொல்லி மாணிக்கவாசகரிடம் பொன் கொடுத்து அனுப்புகிறான். அவர் அதைத் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிடுகிறார். சிவபெருமான் நரிகளையெல்லாம் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டிவருகிறார். மன்னன் மகிழ்ந்து வாங்கிக்கொள்கிறான். ராத்திரியே அவை நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. அந்தத் திருப்பெருந்துறைதான் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில்.

கதையை விடுங்கள். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோவும் குதிரை வியாபாரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கடல் வழியாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கியதாகவும், பராமரிக்கத் தெரியாததாலும் லாடம் அடிக்க ஆள் இல்லாததாலும் வருட முடிவில் மிகச் சிலவே பிழைத்ததாகவும் அவர் சொல்கிறார். வியாபாரிகள் லாடக்காரர்களை இங்கே வரவே விடவில்லையாம். குதிரை சாகச் சாகத்தானே புதுக்குதிரை விற்கும்!

விலை என்பது வாங்குகிற அன்று கொடுக்கும் பணம் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடப் பழைய கணக்கு வேண்டாம். சாரட்டுக்காரர் டீக்கடை பெஞ்சில் செல்போன் கால்குலேட்டரில் போட்ட கணக்கு இது. கொள்ளு, கோதுமைத் தவிடு, காய்ந்த புல், குதிரைமசால் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 250 ரூபாய். வருடத்துக்கு 91,250. (குதிரைமசால், பெயருக்கு ஏற்ப குதிரை ஆசையாகத் தின்னும் தீவனப் பயிர்.) ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடம், பூச்சி மருந்து, ரண ஜன்னித் தடுப்பூசி என்று இன்னொரு 14,000. ஆக 1 லட்சத்து 5 ஆயிரம். ஒரு ஊர்வலத்துக்கு ஆள்கூலி, வண்டி ஏற்றிப்போகும் செலவு போக அவர் கையில் நிற்பது 4,000. வருடத்தில் 45 ஊர்வலம் கிடைத்தால் 1.80 லட்சம். குதிரை தின்றதுபோக மிச்சம் 75,000.

அதாவது, 2.10 லட்சத்துக்கு வாங்கினால் போட்ட காசை எடுக்கவே கிட்டத்தட்ட மூன்று வருடம். அதுவும் ஒரு நாள்கூட நொண்டாமல் இருந்தால்! 1.25-க்கு வாங்கினால் இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். பாக்கெட்டில் 2 லட்சம் இருப்பதால் 2 லட்சத்துக்குக் குதிரை தேடக்கூடாது என்பது அந்த பெஞ்சில்தான் அவருக்குப் பட்டது. அடகுக்கு வட்டி வேறு ஓடுகிறது.

எள்ளுத் தூவிய வெள்ளை

மத்தியானம் கண்ணில் பட்டது ஒரு பெண் குதிரை. கர்நாடகாவிலிருந்து ஒரு குடும்பம் ஓட்டிவந்திருந்தது. 58 அங்குலம். வெள்ளைதான், ஆனால், உடம்பெல்லாம் எள்ளுத் தூவியதுபோலப் பழுப்புப் புள்ளிகள். சலங்கை இல்லை, துணி இல்லை. ஒன்பது வயது, 1.60 லட்சம் என்றார்கள். நெற்றியில் இரட்டைச் சுழி இருந்ததால் காலையிலிருந்து பார்த்தவர்கள் எல்லாம் நகர்ந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

சுழி விஷயத்தில் ஆளுக்கு ஒரு சாஸ்திரம். முடி எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதற்கும் குதிரை நன்றாக உழைப்பதற்கும் சம்பந்தம் இருப்பதாகப் பெரியவர் நம்பவில்லை. ஆனால், சுழியை ஒதுக்கிவிடவும் இல்லை. "நமக்கு நம்பிக்கை இல்லைன்னா வாங்குறப்ப லாபம். நாளைக்கு நாம விக்கப்போனா, வாங்குறவனுக்கு நம்பிக்கை இருக்கும். அப்ப நட்டம். விக்கப்போறீங்களா, வெச்சுக்கப்போறீங்களா?" என்று கேட்டார். வைத்துக்கொள்ளப்போகிறவருக்குச் சுழி, தள்ளுபடிச் சீட்டு மாதிரி.

வாயைத் திறந்து பார்த்ததில் மேல்வரிசை ஓரப் பல்லில் கோடு கால்வாசி இறங்கியிருந்தது. ஒன்பது இல்லை, பன்னிரண்டு இருக்கும். பெரியவர் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சிறுமிக்கு மட்டும் விரலால் காட்டினார். நல்ல பராமரிப்பில் குதிரை இருபத்தைந்து வயதைத் தாண்டியும் வாழும். சாரட்டு இழுக்க இன்னும் எட்டு வருடம் தாங்கும் என்பது அவர் கணக்கு. வாலைத் தூக்கினால் கட்டி இல்லை. தாடைக்கு அடியில் வீக்கம் இல்லை, மூக்கில் சளி இல்லை. ஈறை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால் இமை மூடியது, இரண்டு பக்கமும். தார் ரோட்டில் தலை ஆடவில்லை.

சிறுமி குனிந்து முன்னங்காலைத் தட்டினாள். குதிரை தானாகக் குளம்பைத் தூக்கிக் கொடுத்தது. அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தை உறுதியாக இருந்தது, நாற்றம் இல்லை. வளர்த்தவர்கள் தினமும் சுத்தம் செய்திருந்தால்தான் ஒரு குதிரை இப்படிக் காலைக் கொடுக்கும்.

அதன்பிறகு சாரட்டுக்காரர் செய்ததுதான் அன்றைய நாளின் நல்ல காரியம். நேராகப் போய்க் கொட்டுக்காரர்களிடம் 200 ரூபாய் கொடுத்து, குதிரைக்குப் பத்தடி தள்ளி நின்று அடிக்கச் சொன்னார். கல்யாண ஊர்வலத்துக்கு வேண்டியது ஓட்டம் இல்லை, பொறுமை. மேளம், வெடி, தலைக்கு மேலே ஜெனரேட்டர் லைட், காலுக்கடியில் குழந்தைகள்! குதிரை காதை ஒரு முறை திருப்பியது, புல்லைத் தின்னத் தொடங்கியது.

ஆனாலும் அன்று வாங்கவில்லை. "காலம்பற அஞ்சு மணிக்கு வரலாமுங்க. சொல்லாம வரோணும்" என்றார் பெரியவர். வாங்க வருகிறவர் வருவதற்குள் குதிரையைச் சூடாக ஓட்டி வைத்தால் சின்ன நொண்டல் மறைந்துவிடும். துள்ளுகிற குதிரைக்கு மயக்க ஊசி போட்டுச் சாதுவாக்குவதும் உண்டு. ராத்திரி ஓய்வில் இருந்து எழுந்து வைக்கிற முதல் பத்து அடியில் எதையும் ஒளிக்க முடியாது. அந்த ராத்திரியில் வேறு யாராவது வாங்கிப் போய்விட்டால்? சாரட்டுக்காரர் மூன்று முறை கேட்டார். "போனாப் போகட்டுங்க" என்று மூன்று முறையும் ஒரே பதில்.

துண்டுக்கு அடியில்

காலை ஐந்தரை. வியாபாரி போர்வைக்குள் இருந்தார். குதிரை படுத்திருந்தது, இவர்களைப் பார்த்ததும் எழுந்தது. விறைப்பு இல்லாமல் நடந்தது. வயிறு ஏறி இறங்குவதை வாட்சைப் பார்த்து எண்ணினாள் சிறுமி. நிமிடத்துக்குப் பன்னிரண்டு. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு எட்டிலிருந்து பதினாறுக்குள் இருக்கலாம். இருமல் இல்லை. சாணி உருண்டையாக, ஈரமாக இருந்தது.

பேரம் தொடங்கியதும் சத்தம் நின்றுவிட்டது. தரகர் தோள் துண்டை எடுத்து இரண்டு கைகளையும் மூடினார். அதற்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை. சுற்றி நிற்பவர்களுக்கு எண் தெரியக்கூடாது என்பதற்காகச் சந்தைகளில் காலங்காலமாக இருக்கும் வழக்கம். வெளியே முகத்தைப் பார்த்தால் மட்டும் போதும். வியாபாரி தலையை ஆட்டினார், கையை உருவினார், மறுபடி கொடுத்தார். பல்லில் பார்த்த பன்னிரண்டு வயதையும் இரட்டைச் சுழியையும் ஒரே ஒரு முறை, மெதுவாக, பெரியவர் சொன்னார். குதிரையை மட்டம் தட்டி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

முடிந்தபிறகும் கயிறு உடனே கைமாறவில்லை. கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. மூக்கிலும் தோலிலும் புண் வரும், மனிதர்களுக்கும் தொற்றும். அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்ப் பட்டியலில் இருப்பது. ரத்தப் பரிசோதனையில்தான் உறுதியாகத் தெரியும். விற்கிறவர் அந்த அறிக்கையை வைத்திருந்தார். கால்நடை மருத்துவரை அழைத்துவந்து குதிரையையும் அறிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். லாரியில் ஏற்றுவதற்கு உடல் தகுதிச் சான்றிதழும் அவரிடம்தான் வாங்க வேண்டும். 1978-ம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகள் அதைக் கேட்கின்றன. மருத்துவருக்குக் கொடுக்கிற தொகையை மிச்சம் பிடிப்பவர்கள் சந்தையில் நிறைய. அந்த மிச்சம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

பத்து மணிக்குக் கயிறு கைமாறியது. விற்றவரின் மனைவி குதிரையின் நெற்றியில், அந்த இரட்டைச் சுழியின் மேல், மஞ்சள் வைத்தார். சிறுமி சந்தையில் புதிதாக வாங்கிய கயிற்றை மாட்டி, பலகை மேல் ஏற்றினாள். குதிரை ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறியது.

சாரட்டுக்காரரின் செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து.

"ஒண்ணு இருபத்தெட்டுக்கு முடிஞ்சுது" என்றார். "மீதிய வெச்சு சங்கிலியப் பாதி திருப்பிரலாம்."

அந்தப் பக்கம் என்னவோ கேள்வி.

"வெள்ளைதான்" என்றவர், லாரியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "கொஞ்சம் எள்ளுத் தூவுன வெள்ளை. வந்து பாரு."